அடக்கமும் அவசரமும்: மிகையியக்கச் சிறுநீர்ப்பையின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

"ஆத்திரத்தை அடக்கினாலும் மூத்திரத்தை அடக்க முடியாது" என்பது தமிழர் வழக்கிற் பயின்றுவரும் பழமொழிகளுள் ஒன்று. பெரும்பாலும் நகைப்புக்காகவே எடுத்தாளப்படும் இப்பழமொழியில் ஊன்றி நோக்கத்தக்க செய்திகள் இரண்டு உள்ளன. ஆத்திரம் என்னும் சொல் சினத்தை மாத்திரமன்றி விரைவையும் பதற்றத்தையும் குறிக்கும். 'ஆத்திர அவசரம்' என்னும் தொடர் இன்றும் நம் பேச்சில் உண்டு. உள்ளத்தின் பதற்றத்தையும் உடலின் உந்துதலையும் ஒரே மூச்சில் வைத்துப் பேசிய நம் முன்னோர், அவ்விரண்டுக்குமிடையில் ஏதோ ஓர் உறவு உண்டென்பதை உணர்ந்திருந்தனர் போலும். இது முதலாவது செய்தி. முன்னதை அடக்கலாம், பின்னதை அடக்கவியலாது என்ற தீர்ப்பு இரண்டாவது. கடந்த நூற்றைம்பது ஆண்டுக்கால மருத்துவ வரலாற்றை நோக்குமிடத்து, முதலாவது செய்தி பெரிதும் மெய்யென்பதும், இரண்டாவது பாதியளவே மெய்யென்பதும் புலனாகும். அவ்வரலாற்றைச் சுருக்கமாக எடுத்துரைப்பதும், அதனின்று நாம் பெறத்தக்க பாடம் யாதென ஆராய்வதுமே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆராய்வுக்குரிய பொருள் எதுவென்பதை முதலில் வரையறுத்துக்கொள்ளல் வேண்டும். வளர்ந்தோர் ஒருவரின் சிறுநீர்ப்பை பொதுவாக நானூறு முதல் ஐந்நூறு மில்லிலீற்றர் வரை நீரைத் தாங்கவல்லது. அது நிறைந்து வருங்கால் அதன் சுவரிலுள்ள தசை தளர்ந்து இடங்கொடுக்கும். உரிய இடமும் வேளையும் வாய்த்த பின்னரே சுருங்கும். சிலரிடத்தில் இவ்வொழுங்கு குலைகின்றது. பை நிறையாதபோதும், தள்ளிப்போட இயலாத ஓர் உந்துதல் திடீரென எழுகின்றது. பகலிற் பன்முறையும் இரவில் உறக்கங் கலைந்தும் நீர் கழிக்க நேரிடுகின்றது. சிலருக்கு மலசலகூடத்தை அடையுமுன்னரே நீர் கசிந்துவிடுகின்றது. தொற்று முதலிய வேறு வெளிப்படையான காரணம் இல்லாதவிடத்து இந்நிலையையே இன்றைய மருத்துவம் 'மிகையியக்கச் சிறுநீர்ப்பை' என்கின்றது. ஐரோப்பிய நாடுகள் ஆறில் நாற்பது வயதுக்கு மேற்பட்ட 16,776 பேரிடம் நடத்தப்பெற்று 2001இல் வெளியான ஆய்வொன்று, அவர்களுள் 16.6 வீதத்தினர் இத்தகைய அறிகுறிகளை உடையோர் எனக் கண்டது. ஆறு பேருக்கு ஒருவர் என்னும் இவ்வளவு, நீரிழிவு போன்று எல்லோரும் அறிந்த நோய்களோடு ஒப்பிடத்தக்கதாகும். ஆயினும் நீரிழிவைப் பற்றி நாம் திருமண வீட்டுப் பந்தியிலும் பேசுகின்றோம். இதைப் பற்றி வைத்தியரிடத்திற்கூடப் பேசத் தயங்குகின்றோம்.

நீரைக் கண்டோர்

பண்டைய மருத்துவ மரபுகள் சிறுநீரைப் பற்றிப் பேசாதிருந்தன எனல் பொருந்தாது. கி.மு. 1550 அளவில் எழுதப்பெற்ற எகிப்திய ஏபர்ஸ் பப்பிரசுச் சுவடியில், அளவிறந்து கழியும் நீருக்கான மருந்துகள் கூறப்பட்டுள்ளன. ஆயுர்வேதம் பிரமேகத்தை இருபது வகையாகப் பகுத்தது. தேரையர் பெயரால் வழங்கும் சித்த மருத்துவ மரபு, நீர்க்குறி, நெய்க்குறி என்னும் சோதனை முறைகளை வளர்த்தது. நீரின் நிறம், மணம், நுரை, எடை முதலியவற்றை நோக்கியும், அதன்மேல் இட்ட எண்ணெய்த் துளி பரவும் விதத்தை நோக்கியும் நோயைக் கணித்தது. இடைக்கால ஐரோப்பிய மருத்துவர்களும் கண்ணாடிக் குடுவையில் நீரை ஏந்தி, வெளிச்சத்திற் பிடித்து நோய் கூறினர். அக்காலத்து ஓவியங்களில் வைத்தியரை இனங்காட்டும் அடையாளமே அக்குடுவைதான்.

இம்மரபுகள் யாவற்றிலும் பொதுவாயமைந்த ஒரு பண்பினை நாம் மனங்கொளல் வேண்டும். அவை கழிக்கப்பட்ட நீரைக் கூர்ந்து நோக்கின. கழிப்போரின் அவசரத்தைத் தனியொரு பொருளாக ஆராயவில்லை. குடுவையிலுள்ள நீர் வைத்தியரின் கண்ணுக்குப் புலனாவது. உந்துதலோ நோயாளி வாய்திறந்து சொன்னாலன்றி எவருக்கும் புலனாகாதது. வாய்திறத்தலை நாணம் தடுத்தது. நாணத்தின் வலிமைக்குச் சான்றாக ஐரோப்பிய வரலாற்றில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது வானியலாளர் தைக்கோ பிராகேயின் முடிவாகும். 1601ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்திற் பிராக் நகரில் நிகழ்ந்த விருந்தொன்றில், இடையில் எழுந்து செல்லல் முறையன்றெனக் கருதி அவர் நீரை அடக்கிக்கொண்டிருந்தார் என்றும், வீடு திரும்பிய பின்னர் நீர் கழிக்கவியலாது துன்புற்று, பதினொரு நாட்களில் இறந்தார் என்றும் அக்காலக் குறிப்புகள் கூறும். அவரது நோய் மிகையியக்கமன்று; அதற்கு மறுதலையான நீரடைப்பு. எனினும், உடலின் தேவையை வாய்விட்டுச் சொல்லுதல் அவைக்கு ஒவ்வாதது என்ற எண்ணம் கற்றறிந்தோரையும் எத்துணை பிணித்திருந்தது என்பதற்கு அது தக்க சான்றாகும்.

அளவிட்டோர்

நாணத்தின் மறைப்பைக் கடந்து அவசரத்தை ஆராய்தற்குக் கருவி ஒன்று தேவைப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், உடற்றொழிலியல் ஓர் அளவையியலாக வளர்ந்தபோது அக்கருவி கிடைத்தது. டுபுவா என்பார் 1876இல் ஜேர்மன் மருத்துவ இதழொன்றில், உயிருள்ள மனிதரின் சிறுநீர்ப்பையினுள் நிலவும் அமுக்கத்தை அளந்து வெளியிட்டார். அடுத்த சில ஆண்டுகளில் இத்தாலியின் ரியூறின் நகரில் அஞ்செலோ மொஸ்ஸோவும் பெல்லக்கானியும் மேற்கொண்ட சோதனைகள் மேலும் வியப்பூட்டுவன. பைக்குள் மெல்லிய குழாயைச் செலுத்தி அதன் கனவளவு மாற்றங்களை அவர்கள் பதிவு செய்தனர். கையை இலேசாகத் தொடுதல், பேச்சுக் கொடுத்தல் போன்ற மிகச் சிறிய தூண்டல்களுக்கும் சிறுநீர்ப்பை சுருங்கியமையை அப்பதிவுகள் காட்டின. உள்ளத்தின் அசைவுகளுக்குச் சிறுநீர்ப்பை செவிசாய்க்கின்றது என்பது அவர்தம் ஆய்வின் சாரம். ஆத்திரத்தையும் மூத்திரத்தையும் ஒருங்குவைத்த நம் பழமொழிக்கு இதனினும் பொருத்தமான சோதனைச்சாலைச் சான்று வேறு கிடைத்தலரிது.

இருபதாம் நூற்றாண்டில் இவ்வாய்வு நரம்புத் தொகுதியின் வழியே மேனோக்கிச் சென்றது. இலண்டனைச் சேர்ந்த சத்திரசிகிச்சை நிபுணர் பரிங்ரன், 1925இல் வெளியிட்ட ஆய்வில், பூனைகளின் மூளைத்தண்டிலே நீர் கழித்தலை இயக்கும் மையமொன்று உண்டெனக் காட்டினார். அம்மையம் இன்றும் அவர் பெயரால் வழங்குகின்றது. 1927இல் அமெரிக்கரான றோஸ் சிறுநீர்ப்பை அமுக்கமானியை மருத்துவ வழக்கிற் கொணர்ந்தார். 1933இல் டெனி-பிறௌண், றொபேட்சன் ஆகிய இருவரும், சிறுநீர்ப்பைத் தசையின் சுருக்கத்தைத் தடுப்பதிலும் தொடக்குவதிலும் மனித விருப்புக்குப் பங்குண்டென்பதைத் தம் அளவீடுகளால் விளக்கினர். 1964இல் அன்ட்றுவும் நேதனும் மூளையின் முன்புறச் சோணையில் ஊறு நேர்ந்த நோயாளிகளைப் பற்றி எழுதிய கட்டுரை இவ்வரிசையிற் குறிப்பிடத்தக்கது. அறிவுத் தெளிவும் நாணவுணர்வும் குன்றாதிருந்த சில நோயாளிகளுக்கும், அப்பகுதி பழுதுற்றமையால் அடக்கவொண்ணா அவசரம் தோன்றியமையை அவர்கள் எடுத்துக்காட்டினர்.

இவ்வாராய்ச்சிகளின் திரண்ட பயன் யாது? சிறுநீர்ப்பை தானாக இயங்கும் வெறும் பையன்று. முண்ணாணின் கீழ்ப்பகுதியும் மூளைத்தண்டும் அதனைச் சுருங்குமாறு தூண்டுகின்றன; மூளையின் மேற்பகுதிகள் 'இப்பொழுதன்று' எனத் தடுக்கின்றன. குழந்தைக்கு இத்தடுப்பாற்றல் இல்லை. இரண்டு மூன்று வயதளவில், தாயின் பழக்குதலால் அது கற்றுக்கொள்ளப்படுகின்றது. அடக்கம் என்பது பிறப்போடு வருவதன்று, கல்வியால் வருவது என்பதே இதன் பொருள். கற்றது ஒன்று கலைந்துபோயின் அதனை மீண்டும் கற்பிக்கலாகாதோ என்ற வினா இங்கு இயல்பாகவே எழுகின்றது. அவ்வினாவுக்கு விடை காணப்பட்டமையைப் பின்னர் நோக்குவாம்.

தெருவில் எழுந்த வழக்கு

சோதனைச்சாலையில் அமுக்கம் அளக்கப்படுதற்கு முன்னரே, அவசரம் ஒரு சமூகப் பிரச்சினையாக நகரத் தெருக்களில் தோற்றம் பெற்றிருந்தது. கைத்தொழிற் புரட்சியின் விளைவாக மக்கள் வீட்டைவிட்டு நெடுந்தொலைவு சென்று தொழில் புரியவும் பொருள் வாங்கவும் தலைப்பட்டனர். கிராமத்திலே வேலிக்கு அப்பாலுள்ள வெளி தந்த வசதியை நகரம் தரவில்லை. 1851இல் இலண்டன் ஹைட் பூங்காவில் நடைபெற்ற மாபெரும் பொருட்காட்சியில் ஜோர்ஜ் ஜெனிங்ஸ் அமைத்த மலசலகூடங்களை 827,280 பேர் கட்டணஞ் செலுத்திப் பயன்படுத்தினர் எனப் பதிவு உண்டு. தேவை எத்துணைப் பெரிது என்பதற்கு இத்தொகையே கரி. அடுத்த ஆண்டிலே, 1852 பெப்ரவரியில், ஆடவர்க்கொன்றும் மகளிர்க்கொன்றுமாக இலண்டனில் இரு பொதுக் கழிப்பிடங்கள் திறக்கப்பட்டன.

எனினும் பின்வந்த ஆண்டுகளில் ஆடவர்க்கான வசதி பெருகிய அளவிற்கு மகளிர்க்கான வசதி பெருகவில்லை. வீட்டைவிட்டு எவ்வளவு தூரம் செல்லலாம், எவ்வளவு நேரம் தங்கலாம் என்பதைப் பெண்ணுக்கு அவளது சிறுநீர்ப்பையே வரையறுத்தது. பிற்கால ஆய்வாளர் இந்நிலையைக் கண்ணுக்குத் தெரியாத கட்டுக்கயிறாக உருவகித்தனர். 1900ஆம் ஆண்டில் இலண்டன் கம்டன் ரவுண் பகுதியில் மகளிர் கழிப்பிடமொன்றை அமைக்கும் திட்டம் எழுந்தபோது நடந்தவை இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும். அமைக்கவிருந்த இடத்தைக் காட்டுதற்கு மரத்தாலான மாதிரியொன்று தெருவில் நிறுத்தப்பட்டது. அது போக்குவரத்துக்குத் தடையென நிறுவ விரும்பிய எதிர்ப்பாளர், தம் வண்டிகளை வேண்டுமென்றே அதன்மீது மோதச் செய்தனர். அப்போது சென் பங்கிராஸ் ஊர்மன்றத்தில் உறுப்பினராயிருந்த நாடகாசிரியர் பேணாட் ஷோ அத்திட்டத்துக்காக வாதாடினார். ஆடவர்க்கு இலவசமாகக் கிடைப்பதற்குப் பெண்கள் ஒரு பெனி செலுத்த வேண்டியிருந்த அநீதியை எடுத்துரைத்த அவர், 1909இல், பெண்களின் வாக்குரிமைக்குச் சார்பான கட்டுரையொன்றில் இவ்வனுபவத்தையே சான்றாக்கினார். வாய்விட்டுச் சொல்லக் கூசும் தேவைகளைப் பேசுதற்கு, அத்தேவை உடையோரே மன்றத்தில் இருத்தல் வேண்டும் என்பது அவரது வாதம்.

இவ்வரலாறு நம் பொருளுக்குப் புறம்பானதன்று. நோய் எனப்படுவது உடலில் மாத்திரம் குடியிருப்பதில்லை. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை நீர் கழிக்கவேண்டிய ஒருவர், அருகில் துப்புரவான மலசலகூடம் உள்ள ஊரிலே சிறு அசௌகரியம் உடையவராவர். அஃதில்லாத ஊரிலே அவர் ஊனமுற்றவராவர். தசையின் கோளாற்றில் மாற்றமில்லை, மாறுவது சூழலேயாகும்.

பெயர்கள் மாறிய காலம்

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் மருத்துவம் இப்பொருளை நேரடியாக நோக்கத் தொடங்கியது. 1963இல் அமெரிக்கரான ஹொட்ஜ்கின்சனும் அவருடன் ஆய்ந்தோரும், நீர் கசியும் பெண்களுட் சிலரிடத்தில் வாயிலை மூடிவைக்கும் தசை பழுதின்றியிருக்க, பையின் தசையே காலமல்லாக் காலத்திற் சுருங்குகின்றமையை எடுத்துக்காட்டினர். இருமும்போதும் தும்மும்போதும் கசிதல் வேறு, அவசரத்தாற் கசிதல் வேறு என்னும் பாகுபாடு இதனால் வலுப்பெற்றது. முன்னதற்கு உதவும் சத்திரசிகிச்சை பின்னதற்குப் பயன்படாது என்பதால், இப்பாகுபாடு நோயாளியின் வாழ்க்கையோடு நேரடித் தொடர்புடையது. 1971இல் தோன்றிய சர்வதேச அடக்கவியற் கழகம், கலைச்சொற்களை ஒழுங்குபடுத்தும் பணியை மேற்கொண்டு, 1976 முதல் அறிக்கைகளை வெளியிட்டு வந்தது. 'நிலையற்ற சிறுநீர்ப்பை' என்பது அக்காலத்திற் பெருவழக்குப் பெற்ற பெயராகும்.

அப்பெயரை ஒருவருக்குச் சூட்டுதற்கு அமுக்கமானிச் சோதனை வேண்டியிருந்தது. அச்சோதனையோ ஒரு புதிரை வெளிப்படுத்தியது. அவசரத்தால் வருந்துவோர் பலரிடத்தில் கருவி எச்சுருக்கத்தையும் பதிவு செய்யவில்லை. வருத்தம் எதுவுமில்லாத சிலரிடத்திலோ சுருக்கங்கள் பதிவாயின. எனவே நோயாளியின் சொல்லை முதன்மையாகக் கொண்ட வரையறை தேவைப்பட்டது. 1990களின் பிற்பகுதியில் போல் ஏபிராம்ஸ், அலன் வெய்ன் முதலிய சிறுநீரியல் அறிஞர் முன்வைத்த 'மிகையியக்கச் சிறுநீர்ப்பை' என்னும் பெயர், 2002இல் மேற்கூறிய கழகத்தின் ஏற்பைப் பெற்றது. அவசர உணர்வே இப்புதிய வரையறையின் மையம். கசிவு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். குடுவையிலுள்ள நீரை நோக்கிய மருத்துவம், கருவியிலுள்ள கோட்டை நோக்கிய மருத்துவம் என்னும் இரு கட்டங்களைக் கடந்து, மூன்றாவதாக நோயாளியின் வாய்மொழிக்குச் செவிசாய்க்கும் கட்டத்தை இது குறித்தது எனலாம்.

இரு வழிகள்: பயிற்சியும் மருந்தும்

கலைந்த கல்வியை மீண்டும் கற்பிக்கலாகாதோ என முன்னர் எழுந்த வினாவுக்கு இப்போது வருவோம். 1948இல் அமெரிக்க மருத்துவரான ஆர்னல்ட் கீகல், மகப்பேற்றுக்குப் பின் தளரும் இடுப்படித் தசைகளைப் படிப்படியான பயிற்சியால் வலுப்படுத்தலாமெனக் காட்டினார். 1966இல் ஜெவ்கோற், பிரான்சிஸ் ஆகியோர் அவசரக் கசிவுக்குச் சிறுநீர்ப்பையை ஒழுங்குக்குப் பழக்கும் முறையைப் பரிந்துரைத்தனர். 1970களில் பிரித்தானிய மருத்துவர் புறூவன் இதனை ஒரு திட்டமான பயிற்சி முறையாக வளர்த்தார். 1980இல் ஜார்விஸ், மில்லர் என்போர் அறுபது பெண்களை இரு குழுவாகப் பகுத்து இதனைச் சோதித்தனர். பயிற்சிக் குழுவினர் பகலில் ஒன்றரை மணித்தியாலத்துக்கு ஒருமுறையே நீர் கழித்தல் வேண்டும்; இடையில் உந்துதல் எழினும் பொறுத்தல் வேண்டும்; பழகப் பழக இவ்விடைவெளி அரை மணித்தியாலமாகக் கூட்டப்பட்டு, நான்கு மணித்தியாலம் வரை நீட்டப்படும். ஆறு மாதங்களின் பின்னர் அக்குழுவினருள் 90 வீதத்தினர் கசிவு நீங்கியிருந்தனர். அடக்க முடியாது எனப் பழமொழி தீர்ப்பளித்தது. முற்றாக அன்றெனினும், பழக்கினால் அடங்கும் எனச் சோதனை மறுத்துரைத்தது.

மற்றைய வழி மருந்து. நரம்பு முனைகளிலிருந்து சுரந்து தசையைச் சுருங்கச் செய்யும் அசற்றைற்கோலின் என்னும் பொருளின் வினையைத் தடுக்கும் மருந்துகள் இதற்குப் பயன்பட்டன. அவற்றுள் ஒக்சிபியூற்றினின் 1975இல் ஐக்கிய அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. அது அவசரத்தைத் தணித்தது. உடன் வாய் வறட்சியையும் மலச்சிக்கலையும் தந்தது. வாய் வறட்சி குறைந்த ரொல்ரெறோடின் 1998இல் அங்கே அங்கீகரிக்கப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டிலேதான், மருந்துகளைத் தொலைக்காட்சியிற் பொதுமக்களுக்கு நேரடியாக விளம்பரஞ் செய்தற்கான விதிகள் அந்நாட்டில் தளர்த்தப்பட்டிருந்தன. மருந்தும் விளம்பர வழியும் நோய்க்குப் புதியதொரு பெயரும் ஒரே காலத்திற் கூடின. மூடிய கதவுக்குள் இருந்த துன்பம் வரவேற்பறைத் தொலைக்காட்சிக்கு வந்தது. தாம் தனித்தல்லர் எனப் பலர் அறிந்து வைத்தியரை நாடினர். இஃது அதனாலான நன்மை. அதேவேளை, மூப்பின் இயல்பான மாற்றத்தையும் பழக்கத்தாற் சீர்ப்படக்கூடிய குறையையும் வாழ்நாள் மருந்துக்குரிய நோயாக விரிப்பதே வணிகத்தின் உள்நோக்கம் என்ற கண்டனமும் எழுந்தது. பிற்காலத்தில் வேறு வழியில் இயங்கும் மிராபெக்ரோன் என்னும் மருந்தும், தசைக்குள் செலுத்தப்படும் பொற்றுலினம் நச்சும், முதுகின் கீழ்ப்புற நரம்பைத் தூண்டும் மின்கருவியும் வந்து சேர்ந்தன. பயிற்சியாலும் மாத்திரையாலும் ஆறாதோர்க்கு இவை மெய்யான துணைகளே என்பதில் ஐயமில்லை.

ஆயினும் அதே 1998ஆம் ஆண்டில் நிகழ்ந்த மற்றொன்றை இங்கு ஒப்புநோக்குதல் வேண்டும். அவ்வாண்டின் இறுதியில் கதறின் பேர்ஜியோவும் அவர்தம் குழுவினரும், ஐம்பத்தைந்து முதல் தொண்ணூற்றிரண்டு வயது வரையிலான 197 பெண்களிடத்து மேற்கொண்ட சோதனையின் முடிவுகளை வெளியிட்டனர். நடத்தைப் பயிற்சி பெற்றோரிடத்திற் கசிவு 80.7 வீதத்தாலும், ஒக்சிபியூற்றினின் உட்கொண்டோரிடத்தில் 68.5 வீதத்தாலும், வெற்று மாத்திரை உட்கொண்டோரிடத்தில் 39.4 வீதத்தாலும் குறைந்தது. அக்காலத்தில் வழக்கிலிருந்த மருந்தினும் பயிற்சி மேம்பட்டு நின்றது. ஒரே ஆண்டில் நிகழ்ந்த இவ்விரு நிகழ்ச்சிகளுள், மாத்திரையின் வருகையை மக்கள் தொலைக்காட்சியிற் கண்டனர். பயிற்சியின் வெற்றியை மருத்துவ இதழ் படிப்போரே அறிந்தனர். காரணம் வெளிப்படை. மாத்திரைக்கு விற்பனையாளர் உண்டு. பொறுத்திருத்தலை விற்று இலாபம் ஈட்டுவார் எவருமிலர்.

இப்புறக்கணிப்பின் விலையும் பின்னர் தெரியலாயிற்று. அசற்றைற்கோலினைத் தடுக்கும் மருந்துகளை நெடுங்காலம் மிகுதியாக உட்கொண்ட முதியோரிடத்தில் மறதி நோய் கூடுதலாகக் காணப்படுகின்றது என 2015இல் அமெரிக்காவிலும் 2019இல் பிரித்தானியாவிலும் வெளியான ஆய்வுகள் கூறின. தொடர்பு வேறு, காரணம் வேறு. மருந்தே மறதிக்குக் காரணமென இவை நிறுவிவிடவில்லை. எனினும் முதியோர்க்கு இம்மருந்துகளை எழுதுமிடத்து வைத்தியர் தயங்கிச் சிந்திக்குமாறு அவை செய்தன. பயிற்சியே முதற்படி, மருந்து அதற்கடுத்தது என்னும் ஒழுங்கைப் பல நாட்டு மருத்துவ வழிகாட்டிகள் வற்புறுத்துவதற்கு இத்தகைய அனுபவங்களும் துணைசெய்தன.

நமக்குரிய பாடம்

இவ்வரலாறு பிறநாட்டாருக்கே உரியதெனக் கருதிவிடலாகாது. நெடுந்தூரப் பேருந்தில் ஏறவேண்டுமெனின் முதல்நாள் மாலையிலிருந்தே நீரருந்துவதை நிறுத்திக்கொள்ளும் தாய்மார் நம் வீடுகளில் உளர். பாடசாலை மலசலகூடத்துக்கு அஞ்சி நாள் முழுவதும் தாகத்தோடிருக்கும் மாணவியர் உளர். கோயில் திருவிழாவுக்கும் மரண வீட்டுக்கும் போவதை மெல்ல மெல்ல விட்டு, வயதாகிவிட்டது என்னும் ஒரு சொல்லில் அதனை மறைத்துக்கொள்ளும் முதியோர் உளர். இரவின் அவசரம் அவர்களுக்கு உயிராபத்தாகவும் முடியலாம். அமெரிக்க மூதாட்டியர் 6,049 பேரிடத்து நடத்தப்பெற்று 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில், வாரந்தோறும் அவசரக் கசிவு உடையோர் தவறி விழும் வாய்ப்பு 26 வீதத்தாலும், எலும்பு முறிவு 34 வீதத்தாலும் கூடியிருந்தன. இருளில் விரைந்து நடப்பதன் விளைவு அது.

வரலாறு நமக்கு விட்டுச்சென்ற முறைகள் செலவு குறைந்தவை, எளியவை. மூன்று நாட்களுக்கு, எப்போது எவ்வளவு அருந்தினோம், எப்போது கழித்தோம் என ஒரு கொப்பியிற் குறித்துக்கொள்ளல் முதற்படி. அக்குறிப்பில் தெரியும் இடைவெளியைத் தொடக்கமாகக் கொண்டு, அதனை வாரந்தோறும் கால் மணித்தியாலம் அளவில் நீட்டுதல் அடுத்த படி. உந்துதல் எழும்போது ஓடாது நின்று அல்லது அமர்ந்து, இடுப்படித் தசைகளைச் சிலமுறை இறுக்கித் தளர்த்தி, கருத்தை வேறொன்றிற் செலுத்தினால் அது அலைபோல எழுந்து தணியும். தணிந்த பின்னர் அமைதியாக நடந்து செல்லலாம். ஓடுவது உந்துதலை வளர்க்கும். தேநீரையும் கோப்பியையும் குறைத்தலும், மலச்சிக்கலை நீக்குதலும் துணைபுரியும். நீரை அளவுமீறிக் குறைத்தலோ தீங்கானது. செறிவுற்ற நீர் பையை மேலும் உறுத்தும். ஆறு முதல் பன்னிரண்டு வாரம் வரை இதனை விடாது செய்தாலன்றிப் பயன் தெளிவாகத் தெரியாது. எரிவு, காய்ச்சல், நீரிற் குருதி, அடங்காத் தாகம், கால்களிற் புதிதாகத் தோன்றும் தளர்ச்சி, நீர் கழியாது தடைப்படல் ஆகியன இருப்பின், இவை வேறு நோய்களின் அறிகுறிகளாதலின் தாமதியாது வைத்தியரை நாடுதல் வேண்டும்.

தனிமனிதப் பயிற்சியோடு சமூகத்தின் கடமையும் சேர்தல் வேண்டும். பேருந்து நிலையத்திலும் சந்தையிலும் பாடசாலையிலும் பல்கலைக்கழகத்திலும் துப்புரவான, பூட்டப்படாத மலசலகூடம் இருத்தல் மருத்துவ ஏற்பாடுகளுள் ஒன்றாகவே கருதப்பட வேண்டும். கம்டன் ரவுணில் மரமாதிரியின் மீது வண்டி மோதியோரை எண்ணி நகைக்கும் நாம், நம் ஊரின் பூட்டிய கதவுகளையும் எண்ணிப்பார்த்தல் தகும்.

இறுதியாக, மொழி பற்றி ஒரு சொல். நம் பேச்சு வழக்கில் இந்நோய்க்குப் பெயரில்லை. 'அடிக்கடி சலம் போகுது' என்று தாழ்ந்த குரலிற் சொல்வதோடு பேச்சு நின்றுவிடுகின்றது. பெயரற்ற துன்பத்தை வைத்தியரிடம் எங்ஙனம் முறையிடுவது? பத்தொன்பதாம் நூற்றாண்டில் மானிப்பாயில் சாமுவேல் கிறீன் வைத்தியர் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தும் நூல்களாக்கியும் காட்டிய வழி நம்முன் உள்ளது. உடற்கூற்றையும் சத்திரசிகிச்சையையும் தமிழில் எழுத முடிந்த மண்ணில், ஒரு மூதாட்டி கூச்சமின்றி எடுத்துரைக்கத்தக்க சொற்களை ஆக்கிக்கொடுத்தல் இயலாததன்று. மருத்துவபீட மாணவரும் தமிழ்த்துறை மாணவரும் ஒன்றிருந்து செய்யத்தக்க பணி இது. அவசரத்தைக் குறிக்கும் சொல்லும், பயிற்சியை விளக்கும் இரண்டு பக்கத் துண்டுப் பிரசுரமும் நம் வைத்தியசாலைகளின் வெளிநோயாளர் பிரிவுகளிற் கிடைக்குமாயின், முதல்நாள் மாலையிலிருந்தே தாகத்தோடிருக்கும் அத்தாய்மாரிற் சிலரேனும் நீரருந்திவிட்டுப் பேருந்தேறுவர்.